முதல் சுழல வேண்டும்

இடைநிலைப் பள்ளியில் வியாபாரப் பாடம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் நம் சமூகத்தில் பலர் இருக்கின்றனர். நிர்வாகம், செயல்முறை, சந்தைப்படுத்துதல் என்று அவர்களுடைய புத்தகத்திலே தனித்தனி அத்தியாயங்கள். பரீட்சைக்காக அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். மாலையில் வாப்பாவின் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்ததும், படிப்பு வேறு, கடை வேறு என்று எண்ணிவிடுகிறார்கள். மதரஸாவும் தொடக்கப் பள்ளியும் தாண்டாதவன் நான். எனினும் அந்த எண்ணம் தவறு என்பதைக் கடைத்தெருக் கணக்கைக் கொண்டே விளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தில் எத்தனை சொற்கள் இருந்தாலும் கடைக்காரன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். போட்ட முதல் ஓர் ஆண்டில் எத்தனை முறை கைக்குத் திரும்பி வருகிறது?

இதற்கு நம் பினாங்கிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அதுதான் நாசி கண்டார். மலாய் மொழியில் ‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்றால் காவடித் தடியைத் தோளில் வைத்துச் சுமப்பது. தடியின் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் ஆணம். அந்நாளில் நம்மவர்கள் இப்படிச் சுமந்து சென்று வெல்ட் கீ பகுதியிலே துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றார்கள். வியாபாரக் கண்ணோடு இதைப் பாருங்கள். தோள் தாங்கும் அளவுக்கே சரக்கு. ஆகையால் தேங்குவதற்கு வழியில்லை. கடை வாடகை கிடையாது. பசித்தவன் இருக்கும் இடத்துக்கு, அவன் பசிக்கும் நேரத்தில் சரக்கு போய் நிற்கிறது. காலையில் அரிசிக்கும் மீனுக்கும் போட்ட பணம் அன்றைக்கே திரும்பி வந்துவிடுகிறது. புத்தகத்தின் மூன்று அத்தியாயங்களும் அந்த ஒரு தடியில் தொங்குகின்றன அல்லவா?

பிற்காலத்தில் தடி போய்க் கடைகள் வந்தன. முகம்மது தம்பி ராவுத்தர் 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் கெம்பல் தெருவில் நடக்கிறது. கடை வந்த பிறகும் தொழிலின் அடிப்படை மாறவில்லை. இன்று சமைத்ததை இன்றே விற்றாக வேண்டும். ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்று சொல்லி நாலைந்து ஆணங்களைக் கலந்து ஊற்றச் சொல்கிறார்களே, அதுவும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு கடையின் கலவைக்கும் ஒரு தனி ருசி உண்டு. அது அடுத்த கடையில் கிடைக்காது. வாடிக்கைக்காரரைக் கட்டி நிறுத்துவது அந்த ருசிதான். சந்தைப்படுத்துதல் என்றவுடன் விளம்பரப் பலகையை மட்டும் நினைக்கும் மாணவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்காக நானே வைத்துக்கொண்ட தொகைகள் இவை. காவடிக்காரர் 100 வெள்ளி முதல் போட்டு நாளொன்றுக்கு 10 வெள்ளி மிச்சம் காண்கிறார். அதில் 7 வெள்ளியை அவருடைய சொந்தக் கூலியாகக் கழித்துவிட வேண்டும். (நம்மவர் பலர் தம் கூலியைக் கழிப்பதே இல்லை, உழைப்பையும் லாபத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.) நிகர லாபம் 3 வெள்ளி. 300 நாளில் 900 வெள்ளி. முதலோ 100தான். இப்போது ஒரு துணிக்கடை. சரக்கு 10,000 வெள்ளி. வாங்கிய விலைக்கு மேல் நூற்றுக்கு 30 வைத்து விற்கிறார். ஆண்டில் இரண்டு முறைதான் சரக்கு திரும்புகிறது. 6,000 வெள்ளி கிடைக்கிறது. வாடகை, சம்பளம் முதலியவை 4,000 போக, நிற்பது 2,000. போட்ட முதலில் ஐந்தில் ஒரு பங்கு. நூற்றுக்கு 3 நிகரமாகக் கண்டவர் முதலைப் போல் ஒன்பது மடங்கு சம்பாதித்தார். நூற்றுக்கு 30 வைத்தவர் இருபது சதவீதத்தோடு நின்றார். ஆகவே, ‘இந்தச் சாமானில் எவ்வளவு கிடைக்கும்?’ என்று கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. ‘எத்தனை நாளில் கிடைக்கும்?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். துணிக்கடை காவடியாக முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு முறை திரும்பும் சரக்கை மூன்று முறை திரும்பச் செய்தால், அதே வாடகையில், அதே சம்பளத்தில், 2,000 என்பது 5,000 ஆகிறது.

சரக்குத் தேக்கம் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரமே சாட்சி. 1786 முதல் பினாங்கு சுங்கமில்லாத் துறைமுகம். வெளிநாட்டுச் சாமான் இங்கே மலிவு. சுமத்திராவுக்கும் இங்கிருந்து சரக்குப் போயிற்று. 1963-இல் இந்தோனேசியாவுடன் மோதல் ஏற்பட்டு அந்த வியாபாரம் அறுந்தது. 1969-இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற உரிமையும் போயிற்று. விலை மலிவு ஒன்றையே நம்பிக் கிட்டங்கி நிறைய அடுக்கியவனுக்கு அந்த மலிவு போனபின் என்ன மிஞ்சும்? அரசாங்கத்தின் முடிவை எந்தக் கடைக்காரனும் தடுக்க முடியாது. ஆனால் சரக்கு சீக்கிரம் சுழலும் கடையில் அடி சில வாரச் சரக்கோடு போகும்; இரண்டு ஆண்டுச் சரக்கை அடுக்கியிருந்தவனுக்கோ முதலே போகும்.

எந்தச் சரக்கு தேங்குகிறது என்று எப்படி அறிவது? எண்ணித்தான் அறிய வேண்டும். நம் மார்க்கம் இதற்கு அருமையான வழி வைத்திருக்கிறது. வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கடமை. நிஸாபு அளவை எட்டியவர், சந்திர ஆண்டு முடிவில் இருக்கும் சரக்கை அன்றைய விலைக்கு மதிப்பிட்டு நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். எண்ணாமல் எப்படி மதிப்பிடுவது? அநேகர் குத்துமதிப்பாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்றிருக்கிறார்கள். ஜகாத்தும் சரியாகச் சேராது. கடையின் நிலையும் தெரியாது. ஒழுங்காக எண்ணுகிறவர், மேல் தட்டில் மூன்று ஆண்டாகத் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளைத் தம் கண்ணாலேயே பார்ப்பார். வாங்கிய விலை 800 என்று பேரேட்டில் இருக்கும். இன்று 200க்குக் கூடப் போகாது என்று மனம் சொல்லும். அந்த 200ஐ வாங்கிக்கொண்டு ஓடுகிற சாமானில் போடுவதே புத்தி. 800 வரட்டும் என்று காத்திருப்பவர் அந்தத் தட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடன் கொடுப்பதும் முதல் தேங்குவதுதான். அலமாரியில் தேங்காமல் பிறர் வீட்டில் தேங்குகிறது, அவ்வளவே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம், கடனைத் தவணையோடு எழுதி வைப்பதைப் பற்றியது. நம்மவரோ தெரிந்த மனிதரிடம் தவணை கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள். எழுதாத கடன்தான் உறவை முறிக்கிறது.

கடைசியாகத் தள்ளுபடி. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு நீங்கியது. ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. அன்று சில்லறையாக இருந்த வாடகை இன்று கடையின் பெரிய செலவு. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தாக வேண்டிய இத்தகைய செலவை நிலைச் செலவு என்பார்கள். அது மாதம் 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 75 வெள்ளிச் சாமானை 100க்கு விற்றால் மிச்சம் 25; மாதம் 240 சாமான் விற்றால்தான் கையைக் கடிக்காது. எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்தார் என்று நாமும் நூற்றுக்குப் பத்துத் தள்ளினால் மிச்சம் 15 ஆகிவிடுகிறது. இப்போது 400 சாமான் விற்றாக வேண்டும். பத்து சதவீதம் விட்டுக் கொடுத்ததற்கு ஒன்றுக்கு ஒன்றே மூன்றில் இரண்டு பங்கு அளவில் விற்பனை வேண்டியிருக்கிறது. தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்குத் தள்ளுபடி நல்லது. ஓடுகிற சரக்குக்கு அது வேண்டாத தானம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வருகிற பள்ளி விடுமுறையில் வாப்பாவின் கடையிலே ஓர் அலமாரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சரக்கை வாங்கிய விலைக்கு எண்ணி எழுதுங்கள். சென்ற பன்னிரண்டு மாதத்தில் அந்த அலமாரியிலிருந்து விற்ற சாமான்களின் கொள்முதல் விலையைப் பேரேட்டிலிருந்து கூட்டி, முதல் தொகையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்தான் அந்த அலமாரியில் முதல் திரும்பிய தடவை. பிறகு அடுத்த அலமாரிக்குப் போங்கள். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் காட்டி, அடுத்த கொள்முதலுக்கு முன் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.