பெரிய குடும்ப நாவலைப் பாதியில் விடாமல் படிக்க

விக்ரம் சேத்தின் ‘எ சூட்டபிள் பாய்’ (1993) 1,300 பக்கங்களைத் தாண்டும். நான்கு குடும்பங்கள், ஜமீன் ஒழிப்பு, 1951-52 முதல் பொதுத்தேர்தல் என்று புது இந்தியாவே அதில் நடமாடுகிறது. முன்பக்கத்தில் வம்சாவளிப் படம் உண்டு. அங்கே ஒரு துண்டுத்தாளைச் செருகி வையுங்கள். அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும்.

படம் இல்லாத நாவலா? கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் நீங்களே வரையுங்கள். பெயர், உறவு, முக்கியமாகப் பட்டப்பெயர். கரிசல் கதைகளில் பட்டப்பெயரைத் தவறவிட்டால் ஆளையே தவறவிட்டது மாதிரிதான்.

சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு என் சிபாரிசு: முதலில் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. அடுத்து அதன் தொடர்ச்சியான, 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’. கை பழகியபின் பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012). ஆயிரம் பக்கத்துக்கு மேல், பல தலைமுறைகள். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. கோவில்பட்டி பஸ்ஸில் கழுகுமலையைக் கடக்கும்போது அந்த ஊரை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

புத்தகத்தைப் பஸ்ஸில் தூக்கிப் போகாதீர்கள், கனம்! வீட்டில் மடியில் தலையணை வைத்து அதன்மேல் விரித்தால் மணிக்கட்டு வலிக்காது, புத்தகத்தின் முதுகுத் தையலும் பிரியாது. பக்கக் கணக்கு வேண்டாம். ஓர் அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். புரியாத வட்டாரச் சொல்லை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால், கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார அகராதி இருக்கிறது. நூலகப் புத்தகமென்றால் தவணை முடியும் முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.