பால் குடிக்கும்போது வேர்க்கிறதா?

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் நான் முதலில் எடைத் தராசை எடுப்பதில்லை. தாயைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியர் வேலை எனக்கு. பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதயத்தில் கோளாறு உள்ள பிள்ளை பால் குடிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பெத்திக்குப்பம் பக்கம் ஒரு லைன் வீடு. ஒரு மாதக் கைக்குழந்தை. நாலு வாய் இழுப்பான், விட்டுவிடுவான், மூச்சு வாங்குவான், மறுபடி இழுப்பான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

“சளி கட்டியிருக்கு நர்சம்மா, கஷாயம் குடுத்திருக்கேன்” என்றார் பாட்டி.

“சளின்னா மூக்கு அடைக்குமே ஆயா, இவனுக்கு மூக்கு சுத்தமா இருக்கு. வயித்தைப் பாருங்க.”

தூங்கவிட்டு, சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினோம். 60-ஐத் தாண்டியது. பிறந்த எடைக்கு மேல் கொஞ்சம்தான் ஏறியிருந்தான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் எக்கோ எடுத்தபோது இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே பெரிய ஓட்டை.

“பொறந்தப்ப டாக்டர் நல்லா இருக்குன்னாரே” என்று அந்தத் தாய் அழுதாள். டாக்டர் சொன்னது பொய்யில்லை. பிறந்த புதிதில் நுரையீரலுக்குள் அழுத்தம் அதிகம். அதனால் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் ரத்தம் அதிகம் பாயாது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காமல் போகலாம். வாரங்கள் போகப் போக அழுத்தம் இறங்கும். அப்போதுதான் ரத்தம் நுரையீரலை மூழ்கடிக்கும், பிள்ளைக்கு மூச்சு வாங்கும். ஆகவே முதல் நாள் கிடைத்த ‘நார்மல்’ ஒரு மாதம் கழித்தும் செல்லும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு வகை வாரக்கணக்கில் காத்திருக்காது. கருவில் இருக்கும்போது நுரையீரல் ரத்தக்குழாயையும் மகாதமனியையும் இணைக்கும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. பிறந்து ஓரிரு நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு அந்தக் குழாய்தான் உயிர். அது திறந்திருக்கும்வரை சிவப்பாக, சமர்த்தாக இருப்பார்கள். சுகப்பிரசவம் என்று தாயும் சேயும் வீடு திரும்பும் நேரமும் குழாய் மூடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

இவர்களில் பலரைக் கண்டுபிடிக்க ஊசி தேவையில்லை, ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போதும். பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் பார்க்க வேண்டும். வலது கைக்குப் போகும் ரத்தம் அந்தச் சின்னக் குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடும்; காலுக்குப் போவது அதைத் தாண்டித்தான் போகும். இரண்டுமே 95 அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்குள் இருந்தால் சரி. 90-க்குக் கீழே என்றால் உடனே டாக்டர். நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அமெரிக்காவில் 2011-இலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டிய பரிசோதனைப் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் எல்லாப் பிரசவ வார்டிலும் இது தவறாமல் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. நடந்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. “டிஸ்சார்ஜுக்கு முன்னாடி கையிலயும் கால்லயும் ஆக்ஸிஜன் பாத்தீங்களா சிஸ்டர்? நம்பரைச் சீட்டுல எழுதிடுங்க” என்று கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப்பைப் பிள்ளைக்கு மாட்டாதீர்கள். அது பெரியவர்கள் விரலுக்கு. தப்பான எண் காட்டும். குழந்தைக்குப் பாதத்தைச் சுற்றி ஒட்டும் பட்டை தனி. பாதம் சில்லென்று இருந்தாலோ, உதைத்துக்கொண்டிருந்தாலோ அதுவும் ஏமாற்றும். உள்ளங்கையில் பாதத்தைப் பொத்திச் சூடேற்றி, திரையில் அலை சீராக ஓடிய பிறகுதான் எண்ணை நம்ப வேண்டும்.

கண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஆக்ஸிஜன் நன்றாகக் குறைந்த பிறகே நீலம் தெரியும். நம் மாநிறத்தில் இன்னும் தாமதம். முதல் நாள் கை, கால் மட்டும் நீலம் பூத்திருப்பது சகஜம்தான். நாக்கையும் ஈறையும் பாருங்கள். அங்கே நீலம் என்றால் தாமதிக்காதீர்கள். எண் 98 வந்தாலும் முழு நிம்மதி கிடையாது. நான் சொன்ன ஓட்டைப் பிள்ளை இந்தப் பரிசோதனையில் தேறிவிடுவான். மகாதமனி சுருங்கிய பிள்ளையும் இதில் பிடிபடாமல் போகலாம். அதற்குத் தொடை இடுக்கில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும்.

சிப்காட் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களில் தாய்க்கு என் மொழி புரியாது. பால் குடிக்கும்போது வேர்க்கிறதா என்று கேட்க, என் நெற்றியைத் துடைத்துக் காட்டி, பிள்ளையைச் சுட்டுவேன். உடனே தலையாட்டினால் அடுத்த வேலை போன் செய்வதுதான்.

சந்தேகம் வந்தால் இங்கிருந்து சென்னை 45 கிலோமீட்டர்தானே, காலையில் ரயிலில் போகலாம் என்று விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்ஸிஜன் வைத்தும் எண் ஏறவில்லை என்றால் அதை அவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். இதயம்தான் காரணமாக இருக்கலாம். மூடும் குழாயைத் திறந்து வைக்கும் மருந்து உண்டு. அது தயாராக உள்ள இடத்துக்கு முன்கூட்டியே தகவல் போனால் பிள்ளைக்கு நேரம் கிடைக்கும்.

செலவை நினைத்து ஒதுங்க வேண்டாம். பிறவி இதயக் கோளாறு 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தை இதய அறுவைச் சிகிச்சை உண்டு. 104-க்குப் பேசினால் எங்கே போவது என்று விசாரிக்கலாம். காகித வேலையை அன்றைக்கே தொடங்குங்கள். பக்கத்துக் கேரளம் 2017-இல் ‘ஹிருத்யம்’ என்று இதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. பிள்ளையின் பெயரை இணையத்தில் பதிந்தால் அறுவைச் சிகிச்சைக்கு வரிசை வந்துவிடுகிறது. அப்படி ஒன்று நமக்கும் வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு இப்படி ஆன வீட்டில் மறுபடி உண்டானால், முதல் செக்கப்பிலேயே நர்சிடம் அதைச் சொல்லுங்கள். சொந்தத்தில் கல்யாணம், கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தாலும் சொல்லுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் வழக்கமான ஸ்கேனோடு, கருவின் இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் எக்கோவுக்கும் எழுதித் தரச் சொல்லலாம். பிரசவத்தைக் குழந்தை இதய மருத்துவர் உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ள அப்போதே ஏற்பாடு செய்துவிடலாம்.