நூலிழையும் நுண்துகளும்

நுழையும்முன்

ஒரு பொருளின் உள்ளமைப்பை அறிய நுண்ணிய கருவி வேண்டும். அக்கருவி காட்டியதற்குச் சரியாகப் பொருள்கொள்ளும் அறிவும் வேண்டும். புரோட்டானின் உள்ளமைப்பை மாந்தர் அறிந்த வரலாறு, இவ்விரண்டின் தேவையையும் உணர்த்துகிறது.

ஒளியின் எல்லை

திருப்பூரின் வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து இறங்கும் பனியன் துணி, தொலைவில் ஒரே பரப்பாகத் தோன்றும். உருப்பெருக்கியில் நோக்கினால், ஒன்றையொன்று கோத்து நிற்கும் கண்ணிகள் தெரியும். நுண்ணோக்கியில் நூலும் பஞ்சிழைகளாகப் பிரியும். அதற்கப்பால் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. நுண்பொருளின் அமைப்பைக் காண உதவும் அலையின் நீளம், அப்பொருளினும் குறைந்திருத்தல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அணுவின் அளவோ ஏறத்தாழ 0.1 நானோமீட்டர். அணுக்கருவில் உறையும் புரோட்டான், அணுவினும் பல்லாயிரம் மடங்கு சிறியது.

எலக்ட்ரான் சிதறல்

துகள்களுக்கும் அலைப்பண்பு உண்டு. எலக்ட்ரானின் ஆற்றல் மிகுந்தோறும் அதன் அலைநீளம் குறையும். 1950களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர், மிகு ஆற்றல் எலக்ட்ரான்களை அணுக்கருக்களின் மீது மோதவிட்டு, அவை சிதறிய கோணங்களை அளந்தார். புரோட்டான் வெறும் புள்ளியன்று, பரப்புடையது என்பது புலனாயிற்று. அதன் ஆரம் ஏறத்தாழ 0.8 ஃபெம்டோமீட்டர். இப்பணிக்காக அவர் 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

ஸ்டான்ஃபோர்டில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள நேர்கோட்டு முடுக்கி அமைந்தபின், ஃபிரீட்மேன், கெண்டல், டெய்லர் ஆகியோர் தலைமையில் 1967 முதல் ஆய்வுகள் நடந்தன. எதிர்பார்த்ததைவிட மிகுதியான எலக்ட்ரான்கள் பெருங்கோணங்களில் சிதறின. புரோட்டானுக்குள் புள்ளி போன்ற துகள்கள் உள்ளமைக்கு இது சான்றாயிற்று. 1964இல் கெல்மன், சுவைக் ஆகியோர் தனித்தனியே முன்மொழிந்த குவார்க்குகளே அவை எனப் பின்னர் தெளிவாயிற்று. 1990இல் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

> தெரிந்து தெளிவோம்
> மேல் குவார்க்கின் மின்னூட்டம் +2/3. கீழ் குவார்க்கின் மின்னூட்டம் −1/3.
> புரோட்டான்: 2/3 + 2/3 − 1/3 = 1
> நியூட்ரான்: 2/3 − 1/3 − 1/3 = 0

சராசரி சொல்வதும் சொல்லாததும்

குவார்க்கின் மின்னூட்டம் உண்மையில் பின்னமா? ஒவ்வொரு வகைக் குவார்க்கும் 'நிறம்' என்னும் பண்பால் மூவகைப்படும். மேல் குவார்க்கின் மூன்று நிறங்களும் முறையே 1, 1, 0 என முழு மின்னூட்டம் கொண்டிருக்கலாம் என்றும் ஒரு கருத்து இருந்தது. அவற்றின் சராசரியும் 2/3 ஆகும்.

தமிழ்நாட்டு இயற்பியலறிஞர் ஜி. இராஜசேகரன், புரோபீர் ராயுடன் இணைந்து 1975 அளவில் இவ்வினாவை ஆராய்ந்தார். மின்னூட்டம் முழு எண்ணாகவே இருப்பினும், ஆழ்ந்த சிதறலில் எலக்ட்ரானுக்கு அச்சராசரியே புலப்படக்கூடும் என அவர்கள் கணித்துக் காட்டினர். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அதிலுள்ள ஒவ்வோர் இழையின் எடையையும் தனித்தனியே சொல்லாததைப் போன்றது இது. இன்று ஏற்கப்பட்டுள்ள கோட்பாடு பின்ன மின்னூட்டத்தையே கொள்கிறது. எனினும், அளவீடு எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை எனப் பகுத்தறிதலே அறிவியலின் அறம் என்பதை அவ்வாய்வு நிலைநிறுத்தியது.

கற்பவை கற்றபின்...

1. முழு எண் மின்னூட்டக் கருத்தின்படி, கீழ் குவார்க்கின் மூன்று நிறங்கள் 0, 0, −1 எனக் கொண்டு சராசரி காண்க.
2. 'கருவியும் கருத்தும்' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.