கம்ப்யூட்டர் கணக்கைச் சரிபார்ப்போம்: 293318625600

பொங்கல் விடுமுறைக்கு மம்சாபுரம் போயிருந்தேன். அக்கா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், "மாமா, கம்ப்யூட்டர் கணக்குல தப்பே பண்ணாதுல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லூரியில் நான் ஏமாந்த ஒரு கணக்கை அவளுக்குச் செய்து காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 12 பால்கோவா பாக்கெட்டுகளை 2, 3, 4 அல்லது 6 பேருக்கு மீதமில்லாமல் பங்கிடலாம். 1, 12 ஆகியவற்றையும் சேர்த்தால் 12க்கு 6 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றிக் கணிதமேதை ராமானுஜன் 1915-ல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் 6746328388800 வரை பட்டியல் போட்டார். அதில் ஓர் எண் விடுபட்டுப் போனது. அதுதான் 293318625600.

இந்த எண்ணைப் பிரித்தால் 64×81×25×49×11×13×17×19. அதாவது 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, மற்றவை ஒரு முறை. ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2=5040. இத்தனை காரணிகள்! இதை 23-ஆல் பெருக்கினால் ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும்.

கல்லூரியில் இந்தப் பெருக்கலை சி மொழியில் எழுதினேன். விடை 1260849472 என்று வந்தது. எரர் மெசேஜ் எதுவும் இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் ஒரு நொடிதான் பார்த்தார். "2-ம் 5-ம் இருக்கே தம்பி, கடைசியில 0 வர வேண்டாமா?" என்றார்.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் புரோகிராமர் என்பதைத் தேர்வு செய்யுங்கள். 293318625600 என டைப் செய்யுங்கள். பிறகு கியூவேர்ட் என்ற பட்டனை ஒருமுறை கிளிக் செய்தால் அது டிவேர்ட் என்று மாறும். எண்ணும் 1260849472 ஆகிவிடும்.

காரணம் என்ன? டிவேர்ட் என்பது 32 பிட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. பைக் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் 00000 ஆவதுபோல, இடம் போதாமல் மேல் பகுதி வெட்டுப்பட்டுவிடுகிறது. கியூவேர்ட் 64 பிட் என்பதால் அதில் தாராளமாக அடங்குகிறது.

எக்ஸெலிலும் கவனம் தேவை. அது 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கார்டு எண்ணை அப்படியே டைப் செய்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். எனவே முதலில் ஃபார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு டைப் செய்யவும்.

எல்லாம் பார்த்த அக்கா மகள், "அப்போ கடைசி இலக்கத்தை நாமதான் பார்க்கணும், இல்ல மாமா?" என்றாள். நான் கல்லூரியில் கற்ற பாடத்தை அவள் ஒன்பதாம் வகுப்பிலேயே கற்றுவிட்டாள்.