சபர் போனவர்கள் கட்டிய பள்ளிக்கூடம்

 

சென்ற மாதம் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். கணவர் மவுத்தாகிவிட்டார். தீப்பெட்டி ஆபீஸ் வேலையில்தான் குடும்பம் ஓடுகிறது. மகனுக்கு வயது 19. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியவன், மறுதேர்வு எழுதாமல் மூன்று வருடமாக ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனை வளைகுடாவுக்கு அனுப்ப ஒரு ஏஜெண்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறாராம். அந்தத் தொகையை பைத்துல்மாலில் இருந்து கடனாகத் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

கமிட்டியில் இரண்டு கருத்து எழுந்தது. "கொடுப்போம், ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும்" என்றார்கள் சிலர். "பையன் அங்கே கஷ்டப்பட்டால் கடனும் நிற்கும், குடும்பமும் நிற்கும்" என்றார்கள் சிலர். அன்று முடிவு எடுக்க முடியவில்லை. நம் மஹல்லாவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும் கேள்வி இது. ஆகவே, நமக்கு முன்னால் ஊரை விட்டுப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பயணம் நமக்குப் புதிதல்ல

நம் வருடக் கணக்கே ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. கி.பி. 622-ல் நபி (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். போனவர்கள் முஹாஜிர்கள், வரவேற்றவர்கள் அன்சாரிகள். வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார் ஸஅத் பின் ரபீஉ (ரலி). அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொழிலைத் தொடங்கினார்கள். போன இடத்தில் உழைத்துப் பிழைப்பது கண்ணியமான காரியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. போகலாமா என்பதில் நமக்குச் சந்தேகம் வேண்டாம். எப்படிப் போவது, போன இடத்தில் எதைக் கட்டுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

கடையநல்லூரில் இருந்து தஞ்சோங் பகார் வரை

கோவில்பட்டியில் பஸ் ஏறி சங்கரன்கோவில் வழியாகப் போனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடையநல்லூர் வந்துவிடும். இன்று தென்காசி மாவட்டம். முன்பு நம்மைப் போலவே திருநெல்வேலி மாவட்டம். அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் தறி நெய்து பிழைத்தவர்கள். ஆலைத் துணி வந்து கைத்தறிக்கு மதிப்புக் குறைந்ததும், மழை பொய்த்த வருடங்களில் பட்டினி வந்ததும் அவர்களைக் கப்பல் ஏற வைத்தன. பினாங்குக்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள்.

அவர்களுக்கு முன்பே சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-ல் தொடங்கப்பட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழுந்தது. ஆனால் அவற்றை எழுப்பியவர்களில் பெரும்பாலோர் கடற்கரை ஊர்களின் வணிகர்கள். கையில் சரக்கும் கப்பல் தொடர்பும் உள்ளவர்கள். கடையநல்லூர்க்காரர்களிடம் அது எதுவும் இல்லை. அவர்கள் தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் குடியேறி உடலுழைப்பைக் கொடுத்துப் பிழைத்தார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தக் காலத்தில் சபர் போவது என்றால் ஆண்கள் மட்டும் போவது. மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். கடையநல்லூர்க்காரர்கள் குடும்பத்தோடு போனார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போக, பெண்கள் வீட்டில் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். கையெல்லாம் மிளகாய் எரிச்சலோடு அந்தத் தாய்மார்கள் சேர்த்த காசும் அந்தச் சமுதாயத்தின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. குடும்பம் கூடவே இருந்ததால் பிள்ளைகள் கூடவே வளர்ந்தார்கள். பிள்ளைகள் இருந்ததால் படிப்பு என்ற கேள்வி வந்தது.

1946: ஏழைகள் எடுத்த முடிவு

1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். மறு வருடம் பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். 1945 செப்டம்பர் வரை பஞ்சம், பயம், மரணம். போர் முடிந்தபோது எல்லாருடைய கையும் காலி. அந்த நிலையில் ஒரு கூலித் தொழிலாளிக்கு முதலில் என்ன தோன்றும்? ஊருக்குக் காசு அனுப்ப வேண்டும், வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும், குமருக்கு நிக்காஹ் முடிக்க வேண்டும். இவை எல்லாம் அவர்களுக்கும் இருந்தன. அப்படியிருந்தும் 1946-லேயே தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது எட்டையபுரத்தில். நம் ஊரில் இருந்து கிழக்கே அரை மணி நேரப் பயணம். எட்டையபுரம் அரண்மனைப் புலவராக இருந்து, 5,000-க்கும் அதிகமான பாடல்களில் நபிகளாரின் வாழ்க்கையைத் தமிழில் பாடியவர். வள்ளல் சீதக்காதியும் அபுல் காசிம் மரைக்காயரும் அவரை ஆதரித்தார்கள். அரசு அவருக்கு எட்டையபுரத்தில் மணிமண்டபம் கட்டியது 2007-ல். சிங்கப்பூரின் கூலித் தொழிலாளிகள் அவர் பெயரில் பள்ளிக்கூடம் கட்டியது அதற்கு 61 வருடங்களுக்கு முன்பு. நம் கரிசல் மண்ணில் அடங்கிய ஒருவரின் பெயரை அவர்கள் கடல் தாண்டி எடுத்துப் போனார்கள். நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளை ஒரு முறையாவது எட்டையபுரத்துக்கு அழைத்துப் போயிருக்கிறோம்?

அந்தப் பள்ளி 1960-ல் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கி, சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. மற்றத் தமிழ்த் தொடக்கப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளும் மேல்படிப்புக்கு அங்கே வந்தார்கள். முஸ்லிம்கள் கட்டிய பள்ளி எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது.

முடிவையும் சொல்ல வேண்டும். பெற்றோர்கள் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982-ல் பள்ளி மூடப்பட்டது. ஆனால் பெயர் அழியவில்லை. 1983-ல் சிங்கப்பூர் கல்வி அமைச்சு தொடங்கிய தமிழ் மொழி நிலையத்துக்கு உமறுப் புலவர் பெயரே வைக்கப்பட்டது. இன்றும் அங்கே பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள்.

லண்டனில் பாகிஸ்தானியர்

இதே கதையைப் பெரிய அளவில் லண்டன் மாநகரில் பார்க்கலாம். 2021 கணக்கெடுப்பின்படி லண்டனில் பாகிஸ்தான் வம்சாவளியினர் சுமார் 2.9 லட்சம் பேர். ரெட்பிரிட்ஜ், நியூஹாம், வால்தம் ஃபாரஸ்ட், சவுத்தால் போன்ற பகுதிகளில் அதிகம் வாழ்கிறார்கள். 1950, 60-களில் பஞ்சாபில் இருந்தும் மீர்பூரில் இருந்தும் பிரிட்டனுக்கு ஆட்கள் போனார்கள். மீர்பூர்ப் பக்கம் மங்களா அணை கட்டியதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் நிலம் இழந்தது ஒரு காரணம். ஆலை, பஸ், ரயில் வேலைகளுக்கு அங்கே ஆள் தேவைப்பட்டது மற்றொரு காரணம்.

முதலில் போனவர்கள் ஆண்கள். ஒரே அறையில் பலர் தங்கி, சில வருடம் சம்பாதித்து ஊர் திரும்பி நிலம் வாங்குவது அவர்கள் திட்டம். 1962-ல் பிரிட்டன் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. ஊருக்குப் போனால் மறுபடி வர முடியாதோ என்ற பயத்தில் அவர்கள் அங்கேயே தங்கி, மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். ஆனால் மனதில் "திரும்பிவிடுவோம்" என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. முஹம்மது அன்வர் என்ற ஆய்வாளர் 1979-ல் இவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். திரும்பிப் போவது என்பது ஒரு கற்பனையாகிவிட்டது என்பதுதான் அதன் தலைப்பின் பொருள்.

அந்த நினைப்பில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. ஊரை மறக்கவில்லை, பணம் அனுப்பினார்கள். நம் சீட்டு மாதிரி "கமேட்டி" பிடித்து ஒருவருக்கொருவர் முதல் போட்டுக்கொண்டார்கள். மவுத்தானால் ஜனாஸாவை ஊருக்கு அனுப்பும் செலவுக்கென்று தனியாகச் சங்கம் வைத்தார்கள். ஆனால் எப்படியும் திரும்பிவிடுவோம் என்றிருந்தவர்கள் பிள்ளைகளின் படிப்பிலும், பெண்கள் அந்நாட்டு மொழி கற்பதிலும் காலம் தாழ்த்தினார்கள். இதைப் புரிந்து படிப்பைப் பிடித்துக்கொண்ட குடும்பங்கள் மேலே வந்தன. லண்டன் மேயர் சாதிக் கான் அதற்கு எடுத்துக்காட்டு. தந்தை பஸ் ஓட்டுநர், தாய் துணி தைத்துச் சம்பாதித்தவர், எட்டுப் பிள்ளைகள், அரசுக் குடியிருப்பில் வாழ்க்கை. வழக்கறிஞருக்குப் படித்த அவர் 2016-ல் மேயரானார். 2024-ல் மூன்றாவது முறையும் வென்றார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒன்று: போகிறவன் படித்துவிட்டுப் போகட்டும். பத்தாம் வகுப்பு சான்றிதழ் வெறும் காகிதமல்ல. அது இல்லாதவருக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்தான் பொதுவாகக் கிடைக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இந்த அனுமதி அவருடைய பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. அதைத் தவிர்க்க விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு: ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1983-ம் வருடக் குடியேற்றச் சட்டப்படி பதிவு கட்டாயம். பெயர்ப் பட்டியல் இ-மைகிரேட் இணையதளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. அனுமதி பெற்றுப் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

மூன்று: வருகிற பணத்தில் ஒரு பங்கைக் கல்விக்கென்று முதலிலேயே எடுத்து வையுங்கள். வீட்டுக்கு மார்பிள் போடுவது ஹராம் அல்ல. ஆனால் போர் முடிந்த மறு வருடமே பள்ளிக்கூடம் திறந்தவர்களுக்கு நம்மைவிட வசதி குறைவு.

நான்கு: "சில வருடத்தில் வந்துவிடுவேன்" என்ற பேச்சை நம்பிப் பிள்ளைகளின் காரியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரைப் பார்ப்பது யார்? தாயோ, தாய்மாமாவோ, பெரியத்தாவோ, ஒருவர் அதைப் பொறுப்பாக ஏற்க வேண்டும்.

அந்தத் தாய்க்குச் சொன்ன பதில்

அவர் சொன்ன ஏஜெண்டின் பெயரை இணையதளத்தில் தேடிப் பார்த்தோம். பதிவுப் பட்டியலில் இல்லை. ஆகவே 1,20,000 ரூபாய் தருவதில்லை என்று கமிட்டி முடிவு செய்தது. அதற்குப் பதிலாக, பையனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுதேர்வுக் கட்டணத்தை டிரஸ்ட் கட்டும். அவன் தேறி, முறையான ஏஜெண்ட் மூலம் வேலை ஒப்பந்தம் வந்தால், சட்டப்படியான கட்டணத்தையும் டிக்கெட்டையும் வட்டியில்லாக் கடனாகத் தருவோம்.

இதைச் சொன்னபோது அந்தத் தாயின் முகம் மலரவில்லை. "அதுவரைக்கும் வாடகைக்கு என்ன செய்ய, பாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று மாத வாடகைக்கு ஜகாத் நிதியில் இருந்து ஏற்பாடு செய்திருக்கிறோம். அதற்கு மேல் என்ன என்பதற்கு நம்மிடமும் பதில் இல்லை. பையன் முதல் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். இன்ஷா அல்லாஹ், தொடர்ந்து வர துஆ செய்யுங்கள்.

இதுபோல மறுதேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பாடம் சொல்லித் தர நேரம் உள்ளவர்களும் பெயர் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகு தனி வகுப்பு நடத்த ஓர் ஆசிரியை தேவை.

வீட்டில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குடும்பத்தில் முதலில் வெளியூரோ வெளிநாடோ போனவர் யார்? எந்தக் கஷ்டத்தில் போனார்?

2. வெளிநாட்டில் இருந்து சென்ற வருடம் வந்த பணத்தில் படிப்புக்கு எவ்வளவு போனது?

3. உமறுப் புலவர் யார் என்று நம் பிள்ளைகளால் சொல்ல முடியுமா?

பிள்ளைகளின் கல்வியிலும், வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்களின் உடல்நலத்திலும் ரிஸ்க்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்