பொழியூருக்கு வந்த வெற்றி

பாறசாலையிலிருந்து தென்மேற்கே போனால் கடல் வரும். அங்கே பொழியூர் என்ற ஊர் இருக்கிறது. இது நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. கேரளத்தின் தெற்கு எல்லை இதுதான். இந்த ஊரைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நீரோடி. இரண்டு பக்கமும் ஒரே கடல். இரண்டு பக்கமும் ஒரே தொழில், மீன்பிடித்தல்.

பொழியூர்ப் பிள்ளைகளின் விளையாட்டு கால்பந்து. புல்தரை கிடையாது. கடற்கரை மணல்தான் மைதானம். மணலில் ஓடினால் கால் புதையும். புதைகிற காலை இழுத்து இழுத்து ஓடுவார்கள். அப்படி ஓடினால் காலுக்கு வலு வரும். சந்தோஷ் டிராபியில் விளையாடிய பலர் இந்த ஊரில் பிறந்தவர்கள்.

சந்தோஷ் டிராபி என்றால் என்ன? மாநிலங்களுக்கு இடையே நடக்கும் கால்பந்துப் போட்டி. 1941இல் தொடங்கியது. சந்தோஷ் என்பது வங்காளத்தில் இருந்த ஓர் ஊர். அந்த ஊர் மகாராஜாவின் நினைவாக வைத்த பெயர் இது.

இனி 2018ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அந்த ஊரில் ஒரு மூத்த மீனவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாட்டா. அவருக்குப் பந்து விளையாட்டு என்றால் உயிர். மாலையானால் கடற்கரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்ப்பார். வலை பின்னும்போதும் கண் பந்தின் மேல் இருக்கும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. பாட்டாவின் தம்பியும் திரும்பவில்லை. அதன் பிறகு பாட்டா கடற்கரைப் பக்கம் போகவில்லை. வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார்.

நான்கு மாதம் போனது. 2018 ஏப்ரல் 1. அன்று ஈஸ்டர் ஞாயிறு. அன்றுதான் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். கேரளமும் மேற்கு வங்காளமும் மோதின. ஆட்டம் நடந்த இடம் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம்.

பேரன் கைபேசியோடு திண்ணைக்கு வந்தான்.

"பாட்டா, இன்னைக்கு நம்ம சீசன் விளையாடுறான்" என்றான்.

சீசன் பொழியூர்க்காரர். கேரள அணியின் துணைத் தலைவர். பாட்டா தலையை மட்டும் ஆட்டினார்.

"வங்காளம் எத்தனை தடவை ஜெயிச்சிருக்கு?"

"32 தடவை பாட்டா. போன வருசமும் அவங்கதான்."

"நாம?"

"5 தடவை. 2004-05க்கு அப்புறம் கோப்பையே இல்ல."

பாட்டா சிரித்தார். "அவங்க ஊரு, அவங்க மைதானம், அவங்க ஜனம். எதிர்க்காத்துல வள்ளம் தள்ளுற மாதிரிதான் மக்கா."

பேரன் விடவில்லை. "எதிர்க்காத்துல நீங்க தள்ளினதே இல்லையா பாட்டா? அஞ்சு நாளைக்கு முன்னாடி இதே வங்காளத்தை 1-0ன்னு தோக்கடிச்சோம். மணிப்பூரை 6-0, மிசோரமை 1-0. இதுவரை ஒரு ஆட்டம்கூட தோக்கல."

பாட்டா பாயைச் சற்று நகர்த்தினார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டம் தொடங்கியது. 19ஆவது நிமிடம். எம்.எஸ்.ஜிதின் கோல் அடித்தார். கேரளம் 1, வங்காளம் 0. பேரன் குதித்தான். பாட்டா குதிக்கவில்லை. "இன்னும் நேரம் கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது சரியாயிற்று. 68ஆவது நிமிடத்தில் வங்காளத்தின் ஜிதேன் முர்மு கோல் அடித்தார். 1-1. தொண்ணூறு நிமிடமும் முடிந்தது. வெற்றி யாருக்கும் இல்லை. கூடுதலாக 30 நிமிடம் கொடுத்தார்கள்.

117ஆவது நிமிடம். கேரளத்தின் விபின் தாமஸ் கோல் அடித்தார். 2-1. இன்னும் மூன்றே நிமிடம். திண்ணையைச் சுற்றி இப்போது பத்துப் பேர் நின்றார்கள். பாட்டாவும் எழுந்து நின்றார்.

ஆனால் கடைசி நொடிகளில் வங்காளத்துக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. தீர்த்தங்கர் சர்க்கார் அதைக் கோலாக்கினார். 2-2. திண்ணையில் ஒரு சத்தமும் இல்லை. கரைக்கு வந்த வள்ளம் கவிழ்ந்தது போல் இருந்தது.

இனி பெனால்ட்டி. ஓர் அணிக்கு ஐந்து வாய்ப்பு. கோலுக்கு 11 மீட்டர் முன்னால் பந்தை வைப்பார்கள். ஒருவர் அடிப்பார். எதிரே கோலி மட்டும் நிற்பார். கேரளத்தின் கோலி வி.மிதுன்.

வங்காளத்தின் முதல் அடி. மிதுன் பாய்ந்து தடுத்தார். இரண்டாவது அடி. அதையும் தடுத்தார்! மூன்றாவதும் நான்காவதும் கோல் ஆயின. கேரளத்தின் பக்கம் அடித்தவர்கள் நான்கு பேர். சீசனும் அவர்களில் ஒருவர். நான்கு பேரும் தவறவில்லை. 4-2. கேரளம் வென்றது.

பேரன் பாட்டாவைக் கட்டிப் பிடித்தான். பாட்டா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவன் இருந்திருந்தா இந்நேரம் வெடி போட்டிருப்பான்" என்றார். தம்பியை நினைத்துச் சொன்னார். நான்கு மாதத்தில் அன்றுதான் அவர் தம்பியைப் பற்றிப் பேசினார். சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையில் பாட்டா சாயாக்கடைக்குப் போனார். பத்திரிகையைக் கேட்டு வாங்கினார். 1991இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற காலத்தில் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். சீசன் என்ற பெயரில் விரல் நின்றது. அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார்.

அன்று மாலை பாட்டா வலையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். பிள்ளைகள் மணலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வலை பின்னினார்.

வெற்றி எப்போதும் ஒரு பக்கம் நிற்பதில்லை. 2022இல் மஞ்சேரியில் கேரளம் மறுபடியும் வங்காளத்தைப் பெனால்ட்டியில் வென்றது. 2024 டிசம்பரில் ஐதராபாதில் வங்காளம் 1-0 என்று கேரளத்தை வென்றது. இன்று தோற்றவர் நாளை வெல்லலாம். ஆனால் நாளையும் மைதானத்தில் இறங்க வேண்டும்.

புதிய சொற்கள்

இறுதி ஆட்டம் – கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யும் கடைசி ஆட்டம்
கோலி – கோல் விழாமல் காப்பவர்
வட்டம் – தாலுகா

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. மணலில் ஓடுவதால் என்ன நன்மை?
2. பாட்டா ஏன் கடற்கரைக்குப் போகாமல் இருந்தார்?
3. "எதிர்க்காத்துல வள்ளம் தள்ளுற மாதிரி" என்று பாட்டா ஏன் சொன்னார்?
4. வெற்றிக்குப் பிறகு பாட்டா யாரை நினைத்தார்?

கணக்குப் போடுங்கள்

பெனால்ட்டியில் ஓர் அணிக்கு ஐந்து வாய்ப்பு. நான்கு முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஏன்? வங்காளம் அடித்த கோல் 2. மீதி வாய்ப்பு 1. அதுவும் கோலானால் மொத்தம் எத்தனை? கேரளம் அடித்த கோல் எத்தனை? இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும்.

கூடிப் பேசுங்கள்

துக்கம் நடந்த வீட்டில் ஒருவர் பேசாமலே இருக்கிறார். அவரைப் பேச வைக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? பேரன் என்ன செய்தான்?

எழுதுங்கள்

உங்கள் ஊருக்குப் பெருமை சேர்த்த ஒருவரைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். எழுதியதை வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.