பழைய மினி டிராக்டர் வாங்குமுன்

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்குக் கீழே, வத்திராயிருப்பு பக்கம் தோப்பு வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் உண்டு. தென்னை வரிசைக்குள் நுழைந்து திரும்ப 18 குதிரைசக்தி மினி டிராக்டர் தோதானது. குத்தூசி போட்டுப் பார்க்காமல் பருப்பு மூட்டை வாங்காத நாம், பழைய வண்டிக்கு மட்டும் பெயிண்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

நாம் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பிவிட வேண்டும். குளிர்ந்த இன்ஜின் செல்ஃப் அடித்ததும் எடுக்கிறதா என்பதே முதல் சோதனை. சூடான பிறகும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். கரும்புகை, ஏர் பில்டர் அடைப்பாலும் வரும். அதற்காக மிரள வேண்டாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

ஹவர் மீட்டரை மாற்றிவிட முடியும். ஆகவே கிளட்ச் பெடலின் தேய்மானத்தையும் பார்க்கவும். ரோட்டவேட்டர் போட்டு அரை மணி நேரம் உழச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது ரத்தான பிறகே பாக்கிப் பணம்.